துள்ளும் மீனும் திறந்த தொட்டியும்: வாசகர் கேள்வி – பதில்

மேற்புறம் திறந்திருக்கும் தொட்டிகளிலிருந்து மீன்கள் வெளியே பாய்ந்து இறந்துபோவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கே இந்தப் பகுதி முழுவதும் ஒதுக்கப்படுகிறது. ஒரே கருத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, விளிம்புச் சட்டம் இல்லாத 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டி ஒன்றை மூடியில்லாமல் வைத்திருக்கிறேன். அதில் விட்ட ஆறு ஹாட்செட் மீன்களில் இரண்டு மீன்கள் மூன்று வாரங்களுக்குள் தரையில் காய்ந்து கிடந்தன. நீரைப் பரிசோதித்துப் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை. நன்றாகப் பராமரிக்கும் தொட்டியை விட்டு மீன் ஏன் வெளியேற வேண்டும்?

பதில்: உங்கள் பராமரிப்பில் குறை இல்லை. அந்த மீனையும் மூடியில்லாத அந்தத் தொட்டியையும் சேர்த்துவைத்ததில்தான் பொருத்தக் குறைவு இருக்கிறது. மீன் துள்ளினாலே நீர் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. சில மீன்கள் துன்பத்தால் துள்ளுகின்றன; வேறு சில, துள்ளுவதற்கென்றே உடல் அமைந்தவை. ஹாட்செட் இரண்டாவது வகை.

அதன் உடலைப் பக்கவாட்டில் ஒருமுறை உற்றுப் பாருங்கள். முதுகு ஏறக்குறைய நேர்க்கோடாக இருக்கும். மார்போ கோடரியின் அலகுபோலக் கீழ்நோக்கிப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்புக்குள் இருப்பது நெஞ்சுத் துடுப்புகளை இயக்கும் பெரிய தசை. மேற்பரப்புக்கு அடியிலேயே வாழும் இந்தச் சிறு மீனுக்கு, கீழிருந்து வேட்டையாடும் மீன் வந்தால் தப்பிக்க ஒரே வழி மேலே பாய்வது. அது வாழும் தென்னமெரிக்க ஆறுகளில் அப்படிப் பாய்ந்த மீன் மறுபடி நீரிலேயே விழும். உங்கள் அறையில் தரையில் விழுகிறது. மீன் செய்ததில் தவறில்லை. அது எங்கே வந்து விழும் என்பதை மட்டும் நாம் மாற்றிவிட்டோம்.

இப்படிப் பிறந்த துள்ளிகள் வேறும் உண்டு. மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்த காடுகளில் வாழும் வெள்ளி அரோவானா, நீருக்கு மேலே தொங்கும் கிளையில் இருக்கும் பூச்சியை எம்பிப் பிடித்து உண்ணும். ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி மீன், கில்லி மீன்கள், டேனியோக்கள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். ‘ஸ்பிளாஷ் டெட்ரா’ என்னும் சிறு மீனின் வழக்கம் என்னை எப்போதும் நெகிழ வைப்பது. ஆணும் பெண்ணும் ஒன்றாக எம்பி, நீருக்கு மேலே உள்ள இலையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு முட்டையிடும். பிறகு முட்டைகள் பொரியும்வரை ஆண் மீன் கீழேயிருந்து வாலால் நீரை அடித்து அவற்றை ஈரமாக வைத்திருக்கும். அத்தகைய மீனிடம் துள்ளாதே என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நீங்கள் கேட்ட ‘ஏன்’ என்பதற்கு, கப்பி மீன்களைக் கொண்டு டாப்னி சோரெஸ், ஹில்லரி பியர்மன் ஆகிய இருவரும் செய்து 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. அவற்றை யாரும் விரட்டவில்லை. மேலே இரையும் இல்லை. ஆயினும் அவை தாமாகவே துள்ளின. அதுவும் திடுக்கிட்டுத் துள்ளவில்லை. முதலில் நெஞ்சுத் துடுப்புகளால் மெல்லப் பின்னோக்கி நகர்ந்து, தாண்டப் போகிறவன் ஓட்டத்துக்கு இடம் எடுத்துக்கொள்வதுபோல் எடுத்துக்கொண்டு, அதன்பின் முன்னே பாய்ந்திருக்கின்றன. ஓடையில் ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் பரவும் பழக்கமாக இது வளர்ந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அமைதியான கப்பியே அப்படியென்றால் ஹாட்செட்டைச் சொல்ல வேண்டியதில்லை. மீதமுள்ள நான்கையும் காப்பாற்ற விரும்பினால் இன்றே தொட்டியை மூடுங்கள். மூட மனமில்லையென்றால் அவற்றை மூடியுள்ள தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். இரண்டுக்கும் நடுவில் வழி இல்லை என்பதே என் முடிவு.

கேள்வி: மூடி போடாமல், நீர்மட்டத்தைக் குறைத்துச் சமாளிக்க முடியாதா? எவ்வளவு குறைத்தால் போதும்?

பதில்: ஓரளவு முடியும், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நேர் மேலாகத் துள்ளும் மீன், நீரை விட்டு வெளிவரும் கணத்தில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இருந்தால் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரும். வேகம் 2 மீட்டரானால் 20 சென்டிமீட்டர். 3 மீட்டரானால் 46 சென்டிமீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகிறது. ஆகவே நீரை 8 அல்லது 10 சென்டிமீட்டர் குறைப்பது, எப்போதாவது சோம்பலாக எம்பும் சிறு மீன்களுக்குத் தடையாக இருக்கும். அஞ்சி முழு வலுவுடன் பாயும் மீனுக்கு அது ஒரு தடையே அல்ல.

மட்டத்தைக் குறைக்கும்போது சூடேற்றியைக் கவனியுங்கள். கண்ணாடிக் குழல் சூடேற்றியின் மேற்பகுதி நீருக்கு வெளியே தெரிந்தால் அது அளவுக்கு மீறிச் சூடாகி வெடிக்கக்கூடும். எனவே அதைக் கீழே கிடையாகப் பொருத்திவிட வேண்டும்.

இதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்கிறேன். தொட்டியின் உள்விளிம்பில், நான்கு பக்கமும், 5 முதல் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடிப் பட்டைகளைக் கிடையாகச் சிலிக்கோனால் ஒட்டிவிடலாம். விரட்டப்படும் மீன் பெரும்பாலும் கண்ணாடிச் சுவரை ஒட்டியே ஓடி, மூலையில் வழியில்லாமல் மேலே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலைப் பட்டை தடுத்துவிடும். நடுவிலிருந்து சாய்வாகப் பாயும் மீனை அது தடுக்காது. மிதக்கும் செடிகளும் இப்படிப் பாதித் துணைதான். சால்வீனியாவும் ஆகாயத்தாமரையும் மேற்பரப்பில் படர்ந்திருந்தால் அடியில் உள்ள மீன்கள் மறைவு கிடைத்து அமைதியடைகின்றன. அமைதியான மீன் துள்ளுவது குறைவு. ஆனால் அச்செடிகள் மிக வேகமாகப் பெருகுபவை. களைந்து எடுத்ததை எந்த ஏரியிலும் ஓடையிலும் எறிந்துவிடாமல் உலர்த்தி அழியுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக ஒருமுறையும் துள்ளாத ரெயின்போ மீன்கள் என் தொட்டியில் உள்ளன. கடந்த வாரம் வடிகட்டியை நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்தேன். அதன்பின் இரண்டே நாட்களில் மூன்று மீன்கள் வெளியே குதித்துவிட்டன. தொட்டி முன்னைவிடத் தூய்மையாக இருக்கும்போது இது எப்படி நடக்கிறது?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினீர்களா என்று பாருங்கள். மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய் நீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றுவிடும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அதே நீரில், மீனின் செவுளை எரிக்கும் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகள் அமைதியாக இருந்த மீன் திடீரென்று துள்ளுகிறதென்றால் அதை இயல்பு என்று தள்ளிவிடக் கூடாது. அது ஒரு முறையீடு.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் இன்றே சோதித்துப் பாருங்கள். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குளோரின் நீக்கிய, அதே வெப்பநிலையுள்ள நீரைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை மாற்றுங்கள். உணவை ஓரிரு நாட்கள் நிறுத்துங்கள். அளவு இறங்கும்வரை நாள்தோறும் சோதியுங்கள். இங்கே அமிலத்தன்மையின் அளவையும் கூடப் பார்க்க வேண்டும். 25 பாகை செல்சியஸில், பி.எச். 7 ஆக இருக்கும் நீரில் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றுக்கு ஒரு பங்கைவிடக் குறைவு, பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டிவிடும். சோதனைக் குப்பியில் ஒரே நிறம் காட்டும் இரண்டு தொட்டிகளில், ஒன்றில் மீன்கள் தாங்கிக்கொள்வதும் மற்றொன்றில் துடிப்பதும் இதனால்தான். இனிமேல் பஞ்சைத் தொட்டியிலிருந்தே எடுத்த ஒரு வாளி நீரில் அலசிப் பிழிந்தால் போதும்.

அம்மோனியா இல்லையென்று தெரிந்தால் அடுத்ததாக உயிர்வளியைச் சந்தேகியுங்கள். 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். கோடையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால், வடிகட்டியின் நீர்த்தாரையை மேற்பரப்பை நோக்கித் திருப்பிவிட வேண்டும். செடித்தொட்டிகளுக்குக் கரியமில வாயு செலுத்துபவர்கள் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள். இரவில் செடிகளும் உயிர்வளியை எடுத்துக்கொள்வதால் விடியுமுன் மீன்கள் திணறும். அந்த நேரத்தில் வெளியேறிய மீனைக் காலையில் கண்டெடுக்கும்போது, என்ன நடந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது.

எனவேதான் மீன் துள்ளிய செய்தியை எழுதுபவர்களிடம் நான் முதலில் இரண்டு கேள்விகள் கேட்கிறேன்: எந்த மீன், எந்த நேரத்தில்? பகலில், உணவு வேளையில் துள்ளியதென்றால் போட்டியோ விரட்டலோ காரணமாக இருக்கலாம். விளக்கு அணைந்த உடனே அல்லது எரிந்த உடனே என்றால் அச்சம்தான் காரணம். இருட்டில் ஓய்ந்திருக்கும் மீனின் மேல் திடீரென்று வெளிச்சம் பட்டாலோ கதவு அறைந்து சாத்தப்பட்டாலோ, அது என்னவென்று அறிவதற்கு முன்பே சில மில்லி விநாடிகளில் உடல் வில்லாக வளைந்து பாய்ந்துவிடும்; அந்தப் பாய்ச்சலைத் தூண்டும் தனி நரம்பணுக்களே மீனின் மூளையில் உள்ளன. அறை விளக்கை முதலில் ஏற்றி, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கை ஏற்றுவதும், அணைக்கும்போது தொட்டி விளக்கை முதலில் அணைத்து அறை விளக்கைப் பிறகு அணைப்பதும் செலவில்லாத மருந்து. புதிதாக வாங்கிய மீனை மாலையில், தொட்டி விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டியில் விடுங்கள். முதல் இரண்டு வாரங்கள் எந்த மீனாக இருந்தாலும் தொட்டி மூடியிருக்கட்டும்.

கேள்வி: மூட வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் என் தொட்டியில் செடிகள் நீருக்கு மேலே வளர்ந்து பூக்கின்றன. அந்த அழகுக்காகவே திறந்த தொட்டியை விரும்பினேன். எதைக் கொண்டு மூடினால் அழகும் கெடாது, வெளிச்சமும் குறையாது?

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, மேலேயிருந்து பார்க்கும் நீரின் அழகு மூடிய தொட்டியில் கிடைப்பதில்லை. உங்களுக்கு ஏற்றது வலைச் சட்டம். சன்னல்களில் கொசுவலை பொருத்தப் பயன்படும் மெல்லிய அலுமினியச் சட்டத்தைத் தொட்டியின் அளவுக்கு அறுத்து, நிறமற்ற நைலான் அல்லது பாலிபுரொப்பிலீன் வலையை அதன்மேல் விரித்து, பள்ளத்தில் ரப்பர்க் கயிற்றை அழுத்தி இறுக்கினால், ஒரு மாலைப் பொழுதில் மூடி தயாராகிவிடும். வலையை இறுக்குவதற்கு முன் சட்டத்தைச் சமதரையில் வைத்து எதிரெதிர்ப் பக்கங்களை மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டே போனால் சட்டம் உள்நோக்கி வளைந்து, நடுவில் மீன் நுழையும் இடைவெளி உண்டாகிவிடும்.

வலைக் கண்ணின் அளவு 6 மில்லிமீட்டர் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குச் சரி. மிகச் சிறிய மீன்களுக்கு 3 மில்லிமீட்டர் தேவைப்படும். கொசுவலையையே பயன்படுத்தினால் ஒளி கணிசமாகக் குறைவதோடு, தூசும் படியும். செம்பு, துத்தநாகம் பூசிய கம்பி வலைகளைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அவற்றில் படிந்து சொட்டும் ஈரம் இறால்களுக்கும் நத்தைகளுக்கும் நஞ்சாகும். மின்விளக்குகளுக்கு அடியில் பொருத்தும் கட்டக்கட்டமான பிளாஸ்டிக் தட்டுகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அதன் கட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் என்பதால் மெலிந்த மீன்கள் அதனூடே போய்விடும். கடல்மீன் வளர்ப்பவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஃபயர்ஃபிஷ் என்னும் மெல்லிய மீன், திடுக்கிட்டால் அம்புபோல மேலே போகும். ராஸ் வகை மீன்களும் அப்படியே.

செடிகள் மேலே வளர வேண்டும் என்றால் முழு மேற்பரப்பையும் ஒரே சட்டமாக மூட வேண்டியதில்லை. பின்புறத்தில் செடிகள் அடர்ந்து எழும் பகுதியில் வலையைச் செடித் தண்டுகளைச் சுற்றி வெட்டிப் பொருத்தி, முன்பகுதியை எளிதில் தூக்கக்கூடிய தனிச் சட்டமாக வைத்துக்கொள்ளலாம். உணவிடும்போது தூக்கிய சட்டத்தைத் திரும்ப வைக்க மறக்காதிருக்க, வலையிலேயே விரல் நுழையும் அளவுக்கு ஒரு சிறு கதவை வெட்டி, மேலே ஒரு துண்டு வலையைக் கீல்போலத் தைத்துவிடுங்கள். மீன் தப்புவது பெரும்பாலும் மூடியில்லாத தொட்டியில் அல்ல, மூடி ஒதுக்கிவைக்கப்பட்ட தொட்டியில்தான்.

வலை வேண்டாம் என்பவர்களுக்குக் கண்ணாடி நல்லது. கனமானது, ஒளியை விடும், ஆவியாதலைக் குறைக்கும். அக்ரிலிக் தகடு மலிவாகவும் இலேசாகவும் இருந்தாலும், அடிப்புறம் ஈரத்தை உறிஞ்சுவதால் சில வாரங்களில் வளைந்து மூலைகள் தூக்கிக்கொள்ளும். இரட்டைச் சுவருள்ள பாலிகார்பனேட் தகடு அந்த அளவுக்கு வளைவதில்லை.

கேள்வி: என் தொட்டிக்குக் கண்ணாடி மூடி உண்டு. இருந்தும் ஆரல் மீன் காணாமல் போய்விட்டது. வடிகட்டிக் குழாய் செல்லும் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டுமே இடைவெளி இருந்தது.

பதில்: ஆரலுக்கு இரண்டு விரல் என்பது வாசல். ஆரல், அயிரை, கயிற்று மீன் ஆகியவை துள்ளி வெளியேறுவதில்லை, தேடி வெளியேறுகின்றன. இரவில் கண்ணாடி ஓரமாக மூக்கால் தடவிக்கொண்டே போய், குழாயையும் மின்கம்பியையும் பற்றுக்கோடாகக் கொண்டு ஏறிவிடும். தலை நுழைந்தால் உடல் முழுவதும் நுழையும் என்பதை அளவுகோலாக வையுங்கள். கரடுமுரடான பஞ்சுத் துண்டை வெட்டிக் குழாயைச் சுற்றி இறுக்கமாகச் செருகுவது எளிய வழி. கயிற்று மீன் இலேசான மூடியைத் தலையால் முட்டித் தூக்கிவிடும். விராலும் பெரிய அரோவானாவும் கண்ணாடியையே உடைக்க வல்லவை. அவற்றுக்குக் கனமான மூடியும் பிடிப்புகளும் வேண்டும்.

உங்கள் மீனைத் தேடுவதை இன்னும் கைவிடாதீர்கள். முதலில் வடிகட்டிப் பெட்டிக்குள்ளும் நீர் வழிந்தோடும் அறைக்குள்ளும் பாருங்கள்; வெளியே போனதாக நினைத்த பல மீன்கள் அங்கேதான் உயிரோடு கிடைத்திருக்கின்றன.

கேள்வி: மூடினால் மீனுக்குக் காற்று போதாமல் போகாதா?

பதில்: போகாது. குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் விட்ட சிறு இடைவெளிகளே போதும். நீரில் உயிர்வளி கலப்பது மேற்பரப்பின் அசைவைப் பொறுத்தது. மூடியிருப்பது நன்மை தரும் மீன்களும் உண்டு. ஃபைட்டர், குரமி போன்றவை மேலே வந்து காற்றையே சுவாசிப்பவை என்பதால், நீருக்கு மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருப்பது அவற்றுக்கு நல்லது. நீருக்கும் மூடிக்கும் இடையில் சில சென்டிமீட்டர் காற்று இருக்கட்டும்.

கேள்வி: வெளியே விழுந்த மீனைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? தூசு ஒட்டி, அசையாமல் கிடந்ததால் இறந்துவிட்டது என்று எண்ணி எறிந்துவிட்டேன்; இப்போது மனம் உறுத்துகிறது.

பதில்: நானும் அதைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில் அலமாரிக்குப் பின்னால் என் குரமி தூசு மூடிக் கிடந்தது. அதைக் காகிதத்தில் எடுத்து வெளியே கொண்டுபோகும்போது, செவுள் மூடி ஒருமுறை, ஒரே ஒருமுறை, திறந்து மூடியது. ஓடிவந்து நீரில் விட்டேன். அரை மணி நேரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்துவிட்டு நிமிர்ந்தது. அதன்பின் நீண்ட காலம் வாழ்ந்தது. அதற்கு முன் எத்தனை மீன்களைப் பார்க்காமலே எறிந்திருப்பேனோ என்ற எண்ணம் இன்றும் எனக்கு வலிக்கிறது.

உடல் முற்றிலும் காய்ந்து விறைத்திருந்தால் ஒழிய, எந்த மீனையும் முதலில் நீரில் விடுங்கள். கையை நனைத்துக்கொண்டு எடுங்கள். உலர்ந்த கை, எஞ்சியிருக்கும் வழவழப்புப் படலத்தையும் உரித்துவிடும். அதே தொட்டியின் நீரை ஒரு தனிப் பாத்திரத்தில் எடுத்து, காற்றுக் குமிழ்களை விடும் காற்றுக்கல் போட்டு, மீனைத் தலை நீரோட்டத்தை நோக்கி இருக்கும்படி மெல்லத் தாங்கிப் பிடியுங்கள். ஒட்டியுள்ள தூசையும் முடியையும் பிய்க்க வேண்டாம்; ஊறியதும் தாமே விலகும், விலகாததை மட்டும் நீருக்குள் வைத்தே மெல்ல நீக்குங்கள். செவுள் அசையத் தொடங்கினால் பாத்திரத்தை மூடி, இருட்டாக்கி, தனியே விட்டுவிடுங்கள். பாத்திரத்தை மூட மறந்து, பிழைத்த மீன் அன்றிரவே மறுபடியும் வெளியே பாய்ந்ததும் உண்டு. மருந்துகளை அவசரப்பட்டு ஊற்றாதீர்கள். அடுத்த சில நாட்களுக்குத் தூய நீரும் அமைதியும்தான் முதன்மை. துடுப்பு ஓரங்களில் வெண்பஞ்சு போலவோ கண்ணில் மங்கலாகவோ ஏதாவது தெரிந்தால் மட்டும் அதற்குரிய சிகிச்சையைத் தொடங்கலாம்.

மீன் நலமடையும் அந்த நாட்களில் ஒரு சுவடியில் மூன்று செய்திகளைக் குறித்துவையுங்கள்: எந்த மீன், தொட்டியின் எந்தப் பக்கத்தில் விழுந்தது, கடைசியாக அதை உள்ளே பார்த்தது எப்போது. மூடி வாங்கும்வரை, விழுந்த பக்கத்தின் மேலாவது ஒரு நனைந்த துணியையோ அட்டையையோ இன்றிரவே போட்டுவிடுங்கள்.